குழந்தைகள் காப்பகச் செலவைப் பொருளின் விலையில் சேர்க்கலாமா? – வறுமையிலுள்ள தாய்மார்கள் வேலை செய்யும் தொழிற்கூடம் பற்றிய விவாதம்

நூற்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். துணிப்பைகளும் தலையணை உறைகளும் தைத்து விற்கும் ஒரு சிறிய சமூகத் தொழில் நிறுவனத்தில் நான்கு ஆண்டுகளாகக் கணக்கையும் ஆர்டர்களையும் கவனித்து வருகிறேன். தைப்பவர்கள் 14 பேர். அனைவரும் கையில் எதுவுமில்லாத நிலையில், பெரும்பாலும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மார்கள். தையல் கூடத்தை ஒட்டிய அறையில் அவர்களுடைய 11 குழந்தைகள் பகல் முழுவதும் இருக்கிறார்கள். இரண்டு பேர் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்த இருவரின் சம்பளம், குழந்தைகளின் மதிய உணவு, அறை வாடகை ஆகிய மூன்றும் இதுவரை ஒரு நன்கொடையாளரின் மூன்றாண்டு மானியத்திலிருந்து வந்தன. அந்த மானியம் இன்னும் ஐந்து மாதங்களில் முடிகிறது.

நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. தையல் என்பது தொழில், காப்பகம் என்பது சேவை, இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுக் குழப்பக்கூடாது, ஆகவே வேறொரு நன்கொடையாளரைத் தேடுவோம் என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. காப்பகம் இல்லாத முதல் ஆண்டின் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். எந்த வாரத்திலும் 14 இயந்திரங்களும் ஒருசேர ஓடியதில்லை. ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், இன்னொரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பாட்டி ஊருக்குப் போய்விட்டார், மூத்த மகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தம்பியைப் பார்க்க வைத்த தாய் மனம் பொறுக்காமல் மதியமே கிளம்பிவிட்டார் என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் எழுதப்பட்டிருக்கிறது. அறை திறந்த பிறகு அந்தக் காரணப் பத்தி பெரும்பாலும் வெறுமையாக இருக்கிறது. தையல் இயந்திரத்தை நன்கொடையாகப் பெற்றாலும் அதன் தேய்மானத்தை அடக்கவிலையில் சேர்க்கிறோம். இயந்திரம் ஓடுவதற்கே காரணமாக இருக்கும் அறையை மட்டும் ஏன் தருமக் கணக்கில் எழுத வேண்டும்?

நான் போட்ட கணக்கு இது. எங்கள் பொருளின் விலையில் 35 விழுக்காடு தைப்பவர்களின் கூலி. காப்பாளர்கள் இருவருக்கும் அதே கூலிதான். 14 பேருக்கு 2 பேர் என்றால் ஏழில் ஒரு பங்கு, அதாவது விலையில் 5 விழுக்காடு. உணவும் வாடகையும் சேர்த்தால் ஏறக்குறைய 7. இதை விலையில் ஏற்றலாமா? ஏற்றியவர்கள் யாரேனும் இருந்தால் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பேரேடு

நூற்கண்டு அவர்களுக்கு வணக்கம். தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கையை முதலில் பதிவு செய்கிறேன். தங்கள் எண்ணத்தின் நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனால், காப்பகத்தைப் பொருளின் விலையோடு கட்டிவிட்டால், ஆர்டர் குறைகிற மாதத்தில் காப்பகமும் சேர்ந்து தள்ளாடும். கொள்முதல் செய்பவர் ஒருவர் கைவிட்டார் என்பதற்காக ஒரு வயதுக் குழந்தையின் மதிய உணவு நிற்கலாமா? குழந்தையின் நலன் சந்தையின் ஏற்ற இறக்கத்துக்கு வெளியே இருக்க வேண்டும் என்றுதான் பல நிறுவனங்கள் இவ்விரண்டையும் தனித்தனிப் பேரேடுகளில் வைத்திருக்கின்றன.

மேலும், குழந்தைகளுக்காகக் கேட்டால் மனிதர்கள் கொடுக்கிறார்கள். பைகளுக்காகக் கேட்டால் பேரம் பேசுகிறார்கள். கொடுக்கிற மனத்தை நாமே ஏன் அடைக்க வேண்டும்?

ஊசிமுனை

ஐயா பேரேடு அவர்களுக்கு, மரியாதையுடன் ஒரு மறுப்பு. நீங்கள் சொன்ன அந்தத் தனிப் பேரேட்டின் மறுபக்கத்தில் நான் இருந்திருக்கிறேன். பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு தொழிற்கூடத்தில் மூன்று ஆண்டுகள் தைத்தேன். அங்கும் காப்பகம் மானியத்தில்தான் நடந்தது. மானியம் நின்ற மாதத்தில் தையல் கூடம் ஒரு நாளும் நிற்கவில்லை, காப்பகத்தின் கதவுதான் பூட்டப்பட்டது. சந்தை தள்ளாடினால் காப்பகம் தள்ளாடும் என்கிறீர்கள். மானியத்தில் நடந்த காப்பகத்துக்குத் தள்ளாடக்கூட அவகாசம் கிடைக்கவில்லை.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவளை என் மேசைக்குக் கீழே, வெட்டுத்துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார வைத்துத் தைத்தேன். இயந்திரத்தின் மிதியை அழுத்துவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குனிந்து அவள் விரல்கள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பேன். ஒரு பைக்கு எத்தனை முறை மிதிக்க வேண்டும் என்பது தைப்பவர்களுக்குத் தெரியும். அத்தனை முறையும் குனிந்தேன். நூல் வெட்டும் கத்தரியைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டேன், கீழே வைத்தால் அவள் எடுத்துவிடுவாள் என்பதற்காக.

அங்கே துண்டுக்கூலி, தைத்த எண்ணிக்கைக்கு மட்டுமே பணம். அவளுக்குப் பால் கொடுக்க எழுந்தால் அந்த இருபது நிமிடமும் என் கூலியிலிருந்து போகும். ஆகவே தள்ளிப்போடுவேன், இன்னும் இரண்டு பை, இன்னும் ஒரு பை என்று. மார்பு கட்டிப் போய், சட்டை நனைந்து, தையலும் கோணலாகி, பிரித்துத் தைக்கச் சொல்லித் திருப்பி அனுப்பிய பைகளுக்கும் கூலி இல்லை. எங்களைப் போன்ற தாய்மார்களை உயர்த்துவதற்காகவே நடத்தப்பட்ட இடம் அது. நடத்தியவர்கள் கெட்டவர்கள் அல்லர், நல்ல மனம் படைத்தவர்கள்தாம். தாய்க்குக் கொடுக்கும் கூலியை ஓரிடத்திலும், அவள் பிள்ளையை வேறோரிடத்திலும் எழுதியதால், இரண்டும் ஒன்றை ஒன்று தின்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

நூற்கண்டு அவர்களிடம் ஒரு கேள்வி: உங்கள் இடத்தில் துண்டுக்கூலியா, நேரக்கூலியா?

நூற்கண்டு

அம்மா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் பதில் எழுத முடியவில்லை. எங்கள் இடத்திலும் ஓரளவு துண்டுக்கூலிதான் என்பதை வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அடிப்படை நாட்கூலி ஒன்று உண்டு. அதற்கு மேல் எண்ணிக்கைக்கு ஏற்பக் கொடுக்கிறோம். பால் கொடுக்கும் நேரத்தை யாரும் குறித்து வைப்பதில்லை என்று பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன். எண்ணிக்கை தானாகவே அதைக் குறித்து வைக்கிறது என்று இப்போதுதான் விளங்குகிறது.

தொட்டில்

எல்லோருக்கும் வணக்கம். நான் காப்பகப் பணியில் 16 ஆண்டுகளாக இருக்கிறேன். ஊசிமுனை சகோதரி எழுதியது பல தாய்மார்கள் என்னிடம் சொன்னதுதான், ஆனால் இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2000ஆம் ஆண்டில் நிறைவேற்றிய 183ஆம் உடன்படிக்கை, மகப்பேற்று விடுப்பாகக் குறைந்தது 14 வாரங்களைச் சொல்வதோடு நிற்கவில்லை. பால் கொடுக்கும் இடைவேளையை வேலை நேரமாகவே எண்ணி அதற்குரிய ஊதியம் தர வேண்டும் என்றும் அதன் 10ஆம் பிரிவு சொல்கிறது. முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் மட்டுமே தர வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இவ்விரண்டையும் சேர்த்துப் படித்தால், துண்டுக்கூலி கொடுக்கும் இடத்தில் கைக்குழந்தைக்காரி ஒருவர் இருந்தாலே கணக்கை மாற்றி எழுத வேண்டியிருக்கும். எங்கள் இடத்தில் செய்தது எளிய வழி: பால் கொடுக்கப் போகும் நேரத்துக்கு அந்தத் தாயின் கடந்த மாதச் சராசரி எண்ணிக்கையை வைத்துக் கூலி கட்டினோம். தள்ளிப்போடுவது அந்த வாரமே நின்றது.

அடுத்து, நூற்கண்டு அவர்களின் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. 11 குழந்தைகளுக்கு இரண்டு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் ஒரு வயதுக்கு உட்பட்டவர்கள் எத்தனை பேர்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் ஒரு வயது வரை 3 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் இரண்டரை வயது வரை 4 பேருக்கு ஒருவர் என்று பரிந்துரைக்கிறது. வறிய இடங்களில் இந்த அளவு எட்டாக்கனி என்று சொல்வார்கள். ஆனால் ஒருவர் இரண்டு கைக்குழந்தைகளைத்தான் இரு கைகளில் தூக்கிக்கொண்டு தீயிலிருந்து ஓட முடியும் என்பது வறிய இடத்திலும் மாறுவதில்லை. ஆள் குறைந்தால் முதலில் போவது பேச்சு. குழந்தையோடு பேசுவதை நிறுத்திவிட்டு, துடைப்பதும் ஊட்டுவதும் தூங்க வைப்பதுமாகக் காப்பாளர்களின் நாள் முடிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைப் பெரும்பாலோர் கணக்கில் சேர்ப்பதே இல்லை. புதிய குழந்தையை முதல் நாளே தாயிடமிருந்து பிரித்து அறைக்குள் விட்டால் பல வாரங்கள் அழும். அந்த அழுகை தையல் கூடத்துக்குக் கேட்கும். ஒரு குழந்தை அழுதால் 14 தலைகளும் நிமிரும், தன் குழந்தையோ என்று. நாங்கள் முதல் நாள் தாயையும் குழந்தையோடு அறையில் உட்கார வைப்போம். இரண்டாம் நாள் அவர் அரை மணி நேரம் மட்டும் வெளியே போவார், போகும்போது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், கண்ணை மறைத்து நழுவக்கூடாது. மூன்றாம், நான்காம் நாள்களில் நேரத்தைக் கூட்டுவோம். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் குழந்தை பழகிவிடும். அந்த இரண்டு வாரமும் தாய்க்கு முழுக்கூலி உண்டு. தராவிட்டால் எந்தத் தாயும் உட்கார மாட்டார், உட்காரவும் முடியாது.

நூற்கண்டு

தொட்டில் அவர்களுக்கு நன்றி. ஒரு வயதுக்குக் கீழே 4 பேர், மற்ற 7 பேரும் இரண்டரை வயதுக்கு உட்பட்டவர்கள். அப்படியானால் கைக்குழந்தைகளுக்கு இருவர், மற்றவர்களுக்கு இருவர், மொத்தம் நான்கு பேர் வேண்டும். விலையில் 5 என்றிருந்தது 10 ஆகிறது. உணவும் வாடகையும் சேர்ந்தால் 12 விழுக்காடு. இதைக் குழுவின் முன் வைத்தால் நன்கொடையாளரைத் தேடும் சாராரின் கைதான் ஓங்கும் என்று அஞ்சுகிறேன்.

வினாக்குறி

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், இந்தத் துறைக்கு நான் புதியவன். இவ்வளவு செலவில் கூடமும் காப்பகமும் நடத்துவதற்குப் பதிலாக, ஒவ்வொரு தாய்க்கும் ஒரு தையல் இயந்திரமும் சிறுகடனும் கொடுத்து, வீட்டிலிருந்தே குழந்தையைப் பார்த்துக்கொண்டு தைக்கச் சொன்னால் என்ன?

கூட்டுப்பண்ணை

வினாக்குறி அவர்களின் கேள்வி நியாயமானது. நாற்பது ஆண்டுகளாக உலகமே கேட்டுவரும் கேள்வியும்கூட. வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் 1976இல் தொடங்கிய சிறுகடன் முயற்சி 1983இல் கிராமீன் வங்கியாகி, 2006இல் நோபல் அமைதிப் பரிசு வரை போனது. பிணையில்லாத ஏழைப் பெண்களும் கடனைத் திருப்பிக் கட்டுவார்கள் என்று மெய்ப்பித்தது பெரிய சாதனை. அதை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. ஆனால் இந்தியா, மொராக்கோ, மெக்சிகோ, மங்கோலியா, எத்தியோப்பியா, போஸ்னியா ஆகிய ஆறு நாடுகளில் நடத்தப்பட்டு 2015இல் ஒன்றாக வெளியான ஆய்வுகள், சிறுகடன் ஓரளவு உதவுகிறது, வாழ்க்கையைத் தலைகீழாக மாற்றுவதில்லை என்று காட்டின. காரணத்தைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவோம். கடன் பணத்தைக் கொடுக்கும், நேரத்தைக் கொடுக்காது. கைக்குழந்தையோடு வீட்டில் தைப்பவருக்கு, ஊசிமுனை அவர்களின் மேசைக்குக் கீழே நடந்ததுதான் வீடு முழுவதும் நடக்கும். அதற்கு மேல் தவணையும் சேர்ந்துகொள்ளும்.

மிக வறிய குடும்பங்களுக்காக வங்கதேசத்தின் பிராக் என்ற தொண்டு அமைப்பு 2002இல் தொடங்கிய திட்டம் வேறு பாதையில் போயிற்று. கடனுக்குப் பதிலாக ஆடு மாடு போன்ற ஓர் உடைமை, சில காலத்துக்கு வயிற்றுப்பாட்டுக்கான உதவித்தொகை, பயிற்சி, சேமிப்பு, வீடு தேடி வந்து வழிகாட்டும் ஒருவர் என எல்லாவற்றையும் ஒருசேரக் கொடுத்தார்கள். அதே முறை ஆறு நாடுகளில் சோதிக்கப்பட்டு 2015இல் முடிவுகள் வந்தபோது, உதவி நின்று ஓராண்டு கழித்தும் பலன் நீடித்தது தெரிந்தது. ஒன்றை மட்டும் கொடுத்தால் இன்னொன்று காலை வாரிவிடும் என்பதுதான் நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

காப்பகத்துக்கே நேரடியான சான்றும் உண்டு. நைரோபியின் கொரோகோச்சோ குடிசைப் பகுதியில், காப்பகக் கட்டணத்துக்கான சலுகைச் சீட்டு பெற்ற தாய்மார்கள், பெறாதவர்களைவிட 8.5 விழுக்காட்டுப் புள்ளி அதிகமாக வேலையில் இருந்தார்கள் என்று 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

காப்பகமே தாய்மார்களின் தொழிலாகவும் இருக்கலாம் என்பதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். இலா பட் 1972இல் அகமதாபாத்தில் தொடங்கிய, சுயதொழில் செய்யும் பெண்களின் சங்கமான சேவா அமைப்பின் பெண்கள் சங்கினி என்ற பெயரில் குழந்தைப் பராமரிப்புக்கென்றே ஒரு கூட்டுறவை அமைத்தார்கள். கேப் டவுனில் 2001இல் தொடங்கிய ‘மதர்ஸ் டூ மதர்ஸ்’ அமைப்பு, எச்.ஐ.வி.யுடன் வாழும் தாய்மார்களையே சம்பளத்துக்கு அமர்த்தி, அதே நிலையிலுள்ள மற்றத் தாய்மார்களுக்கு வழிகாட்ட வைத்தது. நூற்கண்டு அவர்களுக்குத் தேவைப்படும் அந்தக் கூடுதல் இரண்டு பேரும், வேலைக்காகக் காத்திருக்கும் தாய்மார்களிடமிருந்தே, முறையான பயிற்சியுடன் வரலாம். அப்படி வந்தால் அந்த 10 விழுக்காடு, நீங்கள் எந்த நோக்கத்துக்காகத் தொழில் நடத்துகிறீர்களோ அதே நோக்கத்துக்கான கூலியாகிவிடும்.

எடைத்தராசு

நான் கொள்முதல் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஒரு விடுதிக் குழுமத்துக்குத் துணிப் பொருள்கள் வாங்கும் வேலையில் இருந்தேன். இத்தகைய தொழிற்கூடங்கள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் கதையோடு வருவார்கள். அட்டையில் தாயும் குழந்தையும் சேர்ந்த படம், கீழே அவர் பட்ட துன்பம் இரண்டு வரி. முதல் ஆர்டரை அந்த அட்டைக்காகக் கொடுத்திருக்கிறேன். இரண்டாவது ஆர்டரைத் தையலுக்கும் சொன்ன தேதிக்கும்தான் கொடுத்தேன். எந்த வாடிக்கையாளரும் இரக்கத்தால் ஐந்து ஆண்டு வாங்குவதில்லை.

ஆகவே 12 விழுக்காட்டை விலையில் ஏற்றுவதற்கு முன், காப்பகம் திறந்த பிறகு தாமதமான ஆர்டர்கள் எத்தனை குறைந்தன, பிரித்துத் தைக்கத் திரும்பி வந்தவை எத்தனை குறைந்தன என்று கணக்கெடுங்கள். பழகிய ஒரு தையற்காரர் விட்டுப்போனால் புதியவர் அந்தக் கை வேகத்துக்கு வர எத்தனை மாதம் ஆகிறது என்பதையும் எழுதுங்கள். இவை எல்லாம் இப்போதே உங்கள் விலைக்குள் மறைந்து கிடக்கும் செலவுகள். காப்பகம் அவற்றில் ஒரு பகுதியைத் தின்றுவிடும். அப்படிக் கழித்தபின் 12 என்பது 12ஆக நிற்காது. நான் வாங்குபவனாக இருந்தால், தேதி தவறாது என்ற உறுதிக்காகச் சிறிது கூடுதலாகக் கொடுக்கத் தயங்க மாட்டேன்.

அந்த அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. குழந்தையின் முகத்தை அச்சிடாதீர்கள். அது வளர்ந்து பள்ளிக்குப் போகும்போது, தன் அம்மாவின் ஏழ்மை ஒரு பையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததை அது காண வேண்டாம்.

ஊசிமுனை

எடைத்தராசு ஐயாவின் கடைசிப் பத்திக்காக என் மகளின் சார்பிலும் நன்றி சொல்கிறேன். அவளுடைய படம் ஓர் அட்டையில் இருந்தது. என்னிடம் கேட்டுத்தான் எடுத்தார்கள். வேலை போய்விடும் என்று பயந்து சரி என்றேன். அந்தச் சம்மதம் சம்மதமே அல்ல.

பேரேடு

இரண்டு நாள்களாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் முதல் பதிவிலிருந்து ஒரு பகுதியை நான் திரும்பப் பெறுகிறேன். தணிக்கை செய்யும்போது காப்பகச் செலவைத் ‘திட்டச் செலவு’ என்ற தலைப்பில் பார்த்துப் பார்த்து, அது உற்பத்தியோடு சேர்ந்தது என்ற எண்ணமே எனக்கு வராமல் போய்விட்டது. ஊசிமுனை அம்மா சொன்ன அந்தப் பூட்டப்பட்ட கதவைப் போன்ற ஒன்று, நான் தணிக்கை செய்த கணக்குகளில் ‘செலவு: இல்லை’ என்ற ஒரு வரியாக மட்டுமே இருந்திருக்கக்கூடும்.

ஆனால் என் அச்சத்தின் இன்னொரு பகுதி அப்படியே நிற்கிறது, அதற்கு ஒரு வழியும் சொல்கிறேன். மாதாமாதம் வரும் செலவுகளான காப்பாளர் சம்பளம், உணவு, வாடகை ஆகியவற்றை அடக்கவிலையில் சேருங்கள். நன்கொடையை ஒருமுறைச் செலவுகளுக்கும், பீய்ச்சிய பாலை வைக்கும் குளிர்பெட்டிக்கும், காப்பாளர் பயிற்சிக்கும், எல்லாவற்றுக்கும் மேலாக ஆறு மாதக் காப்பகச் செலவுக்கான ஒரு காப்புநிதிக்கும் மட்டும் கேளுங்கள். ஆர்டர் விழும் மாதத்தில் அந்த நிதி தாங்கும். நிதியைத் தையல் கூடத்தின் வேறு எந்தப் பற்றாக்குறைக்கும் எடுக்கக்கூடாது என்று நிறுவன விதிகளிலேயே எழுதிவிடுங்கள். பிரிட்டனில் 2005இல் வந்த சமூக நல நிறுவனம் என்ற சட்ட வடிவத்தில் சொத்துப் பூட்டு என்ற ஏற்பாடு உண்டு. சமூக நோக்கத்துக்கான சொத்தைத் தனியார் ஆதாயத்துக்குத் திருப்பிவிட முடியாது. தங்கள் நாட்டுச் சட்டத்தில் அந்த வடிவம் இல்லாவிட்டாலும், தங்கள் விதிகளில் அதே பூட்டைப் போட்டுக்கொள்ளத் தடையிருக்காது.

நூற்கண்டு

நேற்று நிர்வாகக் குழு கூடியது. முதல் முறையாகத் தைப்பவர்களில் மூன்று பேரையும் அழைத்து உட்கார வைத்தோம். ஊசிமுனை அம்மாவின் பதிவை அவர்களுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அதில் ஒருவர், மூன்று ஆண்டுகளாக என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்: மானியம் முடியப் போவது அவர்கள் எல்லோருக்கும் தெரியும், அதனால் இரண்டு பேர் ஏற்கெனவே வேறு வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். காப்பகம் பூட்டப்படுவதற்கு முன்னரே அதன் இழப்பு தொடங்கிவிட்டிருக்கிறது.

முடிவு இப்படி வந்தது. காப்பகச் செலவு அடக்கவிலையில் சேரும், ஆனால் ஒரே அடியாக அல்ல. இருக்கும் இரண்டு காப்பாளர்களின் செலவு இப்போதும், மூன்றாமவர் அடுத்த காலாண்டிலும், நான்காமவர் அதற்கடுத்த காலாண்டிலும் சேர்க்கப்படும். நான்காமவர் வரும் வரை புதிய கைக்குழந்தைகளைச் சேர்ப்பதில்லை. பால் கொடுக்கும் நேரத்துக்குச் சராசரிக் கூலி இந்த மாதத்திலிருந்தே உண்டு. நன்கொடையாளருக்கான கடிதத்தைப் பேரேடு ஐயா சொன்னபடி காப்புநிதிக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். அட்டையில் இனி பையின் படமும், தைத்தவர் விரும்பினால் அவருடைய கையெழுத்தும் மட்டும் இருக்கும்.

ஒரு கேள்வி தீராமல் இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் காப்பகத்தில் மற்றக் குழந்தைகளோடு சேர்க்க முடியாது. தாய் வீட்டில் இருந்தாக வேண்டும். அந்த நாளின் கூலியை என்ன செய்வது? குழுவில் இதற்கு மட்டும் உடன்பாடு எட்டவில்லை. தொட்டில் அம்மா, உங்கள் இடத்தில் என்ன செய்கிறீர்கள்?

தொட்டில்

ஆண்டுக்கு எட்டு நாள் குழந்தை நோய் விடுப்பு, அடிப்படை நாட்கூலியோடு. அதற்கு மேல் போனால், மற்றத் தாய்மார்கள் தங்கள் எட்டில் மிச்சமிருப்பதை விட்டுக்கொடுக்கலாம் என்று வைத்தோம். விட்டுக்கொடுத்தவர் யார் என்பதை நான் எழுதி வைப்பதில்லை, எண்ணிக்கையை மட்டும் எழுதுவேன். முதல் ஆண்டில் ஒரு தாயின் குழந்தைக்கு நிமோனியா வந்து 19 நாள் தேவைப்பட்டது. எட்டு போக மீதி 11 நாளும் அந்த வார இறுதிக்குள் தாளில் நிரம்பிவிட்டன. உங்களுக்கு அந்தத் தாளின் மாதிரி வேண்டுமென்றால் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.